மழைக்காட்டு மலைச்சரிவில் முதல் கோல்ஃப் ஆட்டம்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சமதரை மைதானங்களில் ஆடிப் பழகியவர் வெப்பமண்டல மலைப்பகுதியில் அமைந்த பொது கோல்ஃப் மைதானத்துக்கு முதன்முறையாகச் செல்லும்போது, முதல் இரண்டு ஹோல்களுக்கு மலையையும் மேகத்தையும் பார்த்துக்கொண்டிருப்பார்; மூன்றாவது ஹோலிலிருந்து பையில் எத்தனை பந்துகள் மிச்சம் இருக்கின்றன என்று எண்ணத் தொடங்கிவிடுவார். முதல் அடியை அடிக்கும் இடமான டீக்கும், குழியை நோக்கிச் செல்லும் வெட்டிய புல்வெளியான ஃபேர்வேக்கும் நடுவே ஓடைப் பள்ளம் குறுக்கிடும். இரு மருங்கிலும் உள்ளே நுழைய முடியாத காடு நிற்கும். நின்று அடிக்கச் சமமான இடம் அரிதாகவே கிடைக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மழை வந்து போகும். ஹவாயின் ஓவாஹுத் தீவில், கோஓலாவ் மலைத்தொடரின் செங்குத்துப் பாறைகளுக்கு அடியில், டிக் நியூஜென்ட் வடிவமைத்து 1992இல் திறக்கப்பட்ட கோஓலாவ் மைதானம், மூடப்படும் வரை, இந்த வகைக்குப் பேர்போனதாக இருந்தது. உங்கள் ஹேண்டிகேப் (திறமைக்கேற்பக் கிடைக்கும் சலுகை அடிகளின் எண்ணிக்கை) எவ்வளவோ அத்தனை பந்துகளை எடுத்துச் செல்லுங்கள் என்று அந்த மைதானத்தைப் பற்றி ஆட்டக்காரர்கள் சொன்னதுண்டு. அது பாதி வேடிக்கை, பாதி உண்மை.

அடிப்படைச் சொற்களை அறிந்து, சில மாதங்களாவது ஆடியிருப்பவர்களை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன். மட்டையை வீசும் முறையை, அதாவது சுவிங்கை, திருத்துவது இதன் நோக்கமன்று. இருக்கிற ஆட்டத்தை வைத்துக்கொண்டே, இத்தகைய மைதானத்தில் பந்தையும் பொறுமையையும் இழக்காமல் பதினெட்டு ஹோல்களை எப்படி முடிப்பது என்பதே இங்கே பேச்சு.

முதலில் உங்கள் கேரியை அளந்துகொள்ளுங்கள்

நாம் எவ்வளவு தூரம் அடிக்கிறோம் என்று கேட்டால் பெரும்பாலோர் பந்து உருண்டு போய் நின்ற இடத்தைச் சொல்வார்கள். மலை மைதானத்தில் அந்த எண்ணால் பயனில்லை. பந்து தரையைத் தொடாமல் காற்றில் கடக்கும் தூரம், அதாவது கேரி, மட்டுமே பள்ளத்தைத் தாண்டும். மழையில் ஊறிய ஃபேர்வேயில் பந்து விழுந்த இடத்திலேயே நின்றுவிடுவதால், உருளும் தூரம் என்ற ஒன்று ஏறக்குறைய இல்லாமலே போய்விடும்.

புறப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன் பயிற்சித் திடலுக்குச் சென்று, டிரைவர், ஒரு ஃபேர்வே வுட் அல்லது ஹைபிரிட், 7 அயர்ன், ஒரு வெட்ஜ் ஆகிய நான்கு மட்டைகளால் தலா பத்துப் பந்துகளை அடித்து, ஒவ்வொன்றும் முதலில் தரையைத் தொட்ட இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மிக நீண்ட அடியைப் பார்க்க வேண்டாம். சராசரியைக்கூடப் பார்க்க வேண்டாம். பத்தில் ஏழு முறையாவது எட்டிய தூரம் எதுவோ அதுவே உங்கள் எண். பயிற்சித் திடல்களில் கொடுக்கப்படும் பழைய பந்துகள் சற்றுக் குறைவாகவே செல்லும் என்பது உண்மைதான்; ஆனால் அந்த வேறுபாட்டைக் கூட்டிக்கொள்ளாமல் பாதுகாப்புக்கு விட்டுவைப்பதே நல்லது.

நான் இதைச் செய்யாமல் போனவன். என் டிரைவர் 190 கெஜம் போகும் என்று நெஞ்சாரவே நம்பிக்கொண்டிருந்தேன். முதல் பள்ளத்தைத் தாண்ட 170 கெஜம் வேண்டியிருந்தது. மூன்று பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக எதிர்க்கரையின் செம்மண் சரிவில் பட்டு, அங்கே ஒரு கணம் நின்று, பிறகு பெரணிகளுக்குள் சறுக்கி மறைந்தன. திரும்பி வந்து அளந்து பார்த்தபோது என் டிரைவரின் நம்பத்தக்க கேரி 163 கெஜம் என்று தெரிந்தது. மூன்று பந்துகளும் ஒரே அளவு குறைவாக விழுந்ததற்குக் காரணம் துரதிர்ஷ்டமன்று, கணக்கு.

ஸ்கோர் கார்டை வீட்டிலேயே படித்து டீயைத் தேர்ந்தெடுங்கள்

பெரும்பாலான மைதானங்கள் ஸ்கோர் கார்டை முன்கூட்டியே பார்க்க வசதி செய்திருக்கும். ஒவ்வொரு ஹோலிலும் முன்னும் பின்னுமாகப் பல டீக்கள் நிறம் குறித்து வைக்கப்பட்டிருக்கும்; கார்டில் ஒவ்வொரு டீ நிறத்துக்கும் எதிரே இரண்டு எண்கள் இருக்கும். கோர்ஸ் ரேட்டிங் என்பது ஹேண்டிகேப் சுழியமாக உள்ள தேர்ந்த ஆட்டக்காரர் அந்த டீயிலிருந்து எத்தனை அடிகளில் முடிப்பார் என்ற மதிப்பீடு. ஸ்லோப் ரேட்டிங் என்பது அந்தத் தேர்ந்தவரோடு ஒப்பிடும்போது சராசரி ஆட்டக்காரருக்கு அம்மைதானம் எவ்வளவு கூடுதலாகக் கடினம் என்பதைக் காட்டும். பெயரைப் பார்த்து இது மலைச்சரிவின் அளவு என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஸ்லோப் 55 முதல் 155 வரை இருக்கலாம்; 113 என்பது நடுத்தரம். கோஓலாவின் பின்கோடி டீக்கு இந்த உச்சவரம்பையும் மீறி 162 என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்டதுண்டு.

2020இல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறைப்படி, உங்கள் ஹேண்டிகேப் இன்டெக்ஸை ஸ்லோப்பால் பெருக்கி 113ஆல் வகுத்து, அத்துடன் கோர்ஸ் ரேட்டிங்கிலிருந்து பாரை (மைதானத்துக்கென நிர்ணயித்த அடிகளின் எண்ணிக்கையை) கழித்து வருவதைக் கூட்டினால், அந்த டீயில் உங்களுக்கு எத்தனை அடிகள் சலுகை என்பது கிடைக்கும். இன்டெக்ஸ் 24 உள்ளவர் ஸ்லோப் 140, ரேட்டிங் 74, பார் 72 என்று உள்ள டீயில் ஆடினால் அவருக்கு 32 அடிகள் கிடைக்கும்; ஸ்லோப் 113, ரேட்டிங் 72 உள்ள சமதரை மைதானத்தில் அதே 24தான். அதாவது, ஊரில் 96 அடிக்கும் அவர் இங்கே 104 அடித்தால் அவர் மோசமாக ஆடவில்லை, வழக்கம்போலவே ஆடியிருக்கிறார். இதை முன்பே தெரிந்துகொண்டு போகிறவருக்கு ஆறாவது ஹோலில் மட்டையை எறியத் தோன்றாது.

எந்த டீ என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. உங்கள் 5 அயர்ன் தூரத்தை 36ஆல் பெருக்கினால் உங்களுக்குப் பொருத்தமான மைதான நீளம் கிடைக்கும். 140 கெஜம் என்றால் சுமார் 5,000 கெஜம். மலை மைதானத்தில் இந்தக் கணக்குக்கு வரும் டீயைக் கண்டுபிடித்து, அதற்கும் ஒரு டீ முன்னால் போய் ஆடுங்கள் என்பதே என் ஆலோசனை. முன் டீக்கள் பெண்களுக்கோ முதியவர்களுக்கோ ஒதுக்கப்பட்டவை என்ற பழைய எண்ணத்தை வாயிலிலேயே விட்டுவிடுங்கள். பின் டீயில் 170 கெஜம் கேரி கேட்கும் அதே பள்ளம் முன் டீயில் 90 கெஜமாகச் சுருங்கிவிடும், சில ஹோல்களில் பள்ளமே உங்களுக்குப் பின்னால் போய்விடும். முழு மைதானத்திலும் பணம் செலவழிக்காமல் கிடைக்கும் மிகப் பெரிய உதவி இதுதான்.

முன்பதிவும் நேரமும்

பொது மைதானம் என்பதால் உறுப்பினராக இருக்கத் தேவையில்லை. கட்டணம் செலுத்தி நேரத்தைப் பதிவு செய்தால் போதும். கிடைக்கக்கூடிய மிக விடியற்காலை நேரத்தைக் கேளுங்கள். மலையில் வெயில் ஏறஏற ஈரக்காற்று சரிவில் மேலெழுந்து குளிர்ந்து மேகமாகிப் பிற்பகலில் இடியுடன் கொட்டுவது வெப்பமண்டலத்தின் அன்றாட வழக்கம். ஒரு சுற்று ஐந்து மணி நேரம் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், பத்து மணிக்குத் தொடங்குபவர் கடைசி ஹோல்களை மழையில்தான் ஆடுவார். நிலநடுக்கோட்டுக்கு அருகில் ஆண்டு முழுவதும் மாலையில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இருட்டிவிடும் என்பதையும், மலையின் நிழலில் உள்ள ஹோல்கள் அதற்கும் முன்பே இருண்டுவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

தனியாகவோ இருவராகவோ போனால், முன்பின் தெரியாத இருவருடன் சேர்த்து அனுப்புவார்கள். முதல் டீயிலேயே, நான் இந்த மைதானத்துக்குப் புதியவன் என்று சொல்லிவிடுங்கள். பழகியவர்கள் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களைத் தாமாகவே காட்டித் தருவார்கள்.

பையில் இருக்க வேண்டியவை

பதினான்கு மட்டைகள் வரை அனுமதி உண்டு, அத்தனையும் தேவையில்லை. பன்னிரண்டு பந்துகளாவது வேண்டும், அவை விலை உயர்ந்தவையாக இருக்க வேண்டியதில்லை, பளிச்சென்ற மஞ்சளோ ஆரஞ்சோ ஆக இருந்தால் பச்சைக்குள் கண்ணுக்குத் தட்டுப்படும். கையுறைகள் மூன்று எடுத்துச் சென்று, ஒவ்வொன்றையும் தனித்தனி நெகிழிப் பையில் போட்டு வைத்து, நனைந்ததைக் குடையின் கம்பிகளில் கோத்துக் காயவிட்டு மாற்றி மாற்றி அணியுங்கள். நனைந்தால் பிடிப்பு கூடும் மழைக் கையுறை ஒரு ஜோடி இருந்தால் இன்னும் நல்லது. துண்டு இரண்டு வேண்டும்: ஒன்று வெளியே, ஒன்று குடைக்குள் தொங்கவிட. ஈரமான மட்டை முகத்தால் அடித்த பந்தில் சுழற்சி குறைந்து அது எதிர்பாராத தூரம் பறந்துவிடும் என்பதால், அடிக்கும் முன் முகத்தைத் துடைப்பது சம்பிரதாயமன்று, அவசியம்.

கொசு விரட்டி மருந்தைப் பற்றி ஒரு சொல். டீட் கலந்த மருந்து பிளாஸ்டிக்கையும் வார்னிஷையும் இளக்கும் தன்மை கொண்டது. உள்ளங்கையில் பூசிக்கொண்டு மட்டையைப் பிடித்தால் கைப்பிடி பிசுபிசுத்துப் போகும். அதைவிட முக்கியம், புல்மேல் நின்றுகொண்டு அதைக் காலில் தெளிக்காதீர்கள். தெளித்த மருந்து பட்ட இடத்தில் புல் கருகி, நின்றவரின் இரண்டு பாதங்கள் மட்டும் பச்சையாக, சுற்றிலும் பழுப்பாக, ஒருவர் வந்து நின்று போனதற்கான அத்தாட்சி பல நாட்களுக்கு அங்கேயே இருக்கும். குழி இருக்கும் புல்தரையான கிரீன் ஒன்றின் ஓரத்தில் அப்படி ஒரு ஜோடிப் பாதங்களைப் பார்த்த பிறகு, நான் வண்டி நிறுத்துமிடத்திலேயே பூசிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

தண்ணீரைத் தாகம் எடுப்பதற்கு முன்பே குடிக்கத் தொடங்குங்கள். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழியும், உடல் குளிராது. மேகமூட்டத்தில் ஆடுகிறவர் இதை உணர்வதற்குள் களைத்துவிடுவார். உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் ஒரு குப்பி கூடவே இருக்கட்டும்.

பள்ளத்தைத் தாண்டும் ஹோல்கள்

மலை மைதானத்தின் ஆட்டம் முழுவதும் இங்கேதான் தீர்மானமாகிறது. டீயில் ஏறி நின்றதும் மட்டையை எடுக்காதீர்கள். மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள். பள்ளத்தின் எதிர்க்கரை எத்தனை கெஜம்? அதற்கு அப்பால் பத்துக் கெஜமாவது பாதுகாப்பான இடம் இருக்கிறதா? தாண்டாமல் இந்தப் பக்கமே நிறுத்திவிட்டு அடுத்த அடியில் தாண்ட வழி இருக்கிறதா? தொலைவுமானி இருந்தால் கொடிக்கம்பத்தை அளப்பதைவிட எதிர்க்கரையின் விளிம்பை அளப்பது பயனுள்ளது. தூரத்தை மட்டும் காட்டும் கருவிக்கு 2019 முதல் விதிகளில் பொதுவாக அனுமதி உண்டு. சரிவைக் கணக்கிட்டுத் தூரத்தைத் திருத்திச் சொல்லும் வசதியைப் போட்டிகளில் அணைத்துவைக்க வேண்டும், நட்பாட்டத்தில் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

விளிம்புக்கான தூரத்தோடு பத்துக் கெஜத்தைக் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகை உங்கள் குறிப்பேட்டிலுள்ள எண்ணுக்குள் இருந்தால் அடியுங்கள், இல்லையென்றால் அடிக்காதீர்கள். நன்றாக அடித்தால் போய்விடும் என்ற நினைப்பு வரும்போதெல்லாம், பத்தில் எத்தனை முறை அப்படி அடித்திருக்கிறோம் என்று குறிப்பேட்டைப் பார்த்தால் போதும். பள்ளம் கோணலாக ஓடும் ஹோல்களில் நேரே கொடியை நோக்காமல், பள்ளம் குறுகலாக உள்ள பக்கத்தை நோக்கி அடிப்பதால் சில வேளை முப்பது கெஜம் மிச்சமாகும். அடுத்த அடி நீண்டுவிடும், அதனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

உயர வேறுபாட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும். கிரீன் உங்களைவிடத் தாழ்வாக இருந்தால் ஒவ்வொரு கெஜத் தாழ்வுக்கும் ஏறக்குறைய ஒரு கெஜத்தைத் தூரத்திலிருந்து கழிக்கலாம், மேடாக இருந்தால் அதே அளவு கூட்டலாம். 150 கெஜத்தில், 20 கெஜம் தாழ்வில் உள்ள கிரீனுக்கு 130 கெஜ மட்டையே போதும். ஆனால் தாழ்வான இலக்கை நோக்கிச் செல்லும் பந்து காற்றில் நெடுநேரம் இருப்பதால், பக்கக் காற்று அதைச் சமதரையில் தள்ளுவதைவிட அதிகமாகத் தள்ளும். மரங்களின் மறைவிலுள்ள டீயில் காற்றே இல்லாததுபோல் தோன்றும். மர உச்சிகளையும் மேகம் நகரும் திசையையும் பாருங்கள்.

மலையின் உயரத்தால் பந்து அதிகம் பறக்கும் என்பதும் உண்மையே. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் கடல்மட்டத்தைவிட 6 சதவீதம் அளவுக்குக் கூடும். 300 மீட்டரில் உள்ள மைதானத்தில் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஈரக்காற்று கனமானது, அதில் பந்து போகாது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நீராவி காற்றைவிட இலேசானது என்பதால் உண்மை அதற்கு நேர்மாறானது. வேறுபாடு மிகச் சிறியதுதான். பந்து குறைவாகப் போவதற்குக் காரணம் நனைந்த கைப்பிடியும் ஊறிய தரையும் மழைச்சட்டைக்குள் திருகிக்கொள்ளும் தோள்களும்தான்.

பந்து போய்விட்டால் என்ன செய்வது

விதிகளைத் தெரிந்துவைத்திருப்பவருக்கு இங்கே அடிகள் மிச்சமாகும். சிவப்பு அல்லது மஞ்சள் முளைகளுக்குள் உள்ளது தண்டனைப் பகுதி. அதற்குள் பந்து கிடைத்தால், அடிக்கத்தக்க இடத்தில் இருந்தால், தண்டனையின்றி அப்படியே ஆடலாம். மட்டையைத் தரையில் ஊன்றவும் உதிர்ந்த இலைகளை அகற்றவும் 2019 முதல் அனுமதி உண்டு. கிடைக்காவிட்டால் ஓர் அடி தண்டனை. முந்தைய இடத்துக்கே திரும்பி அடிக்கலாம். அல்லது பந்து எல்லையைக் கடைசியாகக் கடந்த இடத்தையும் கொடியையும் இணைக்கும் கோட்டில் பின்னோக்கிச் சென்று பந்தை முழங்கால் உயரத்திலிருந்து விடலாம். முளை சிவப்பாக இருந்தால் மூன்றாவது வழியும் உண்டு: கடந்த இடத்திலிருந்து இரண்டு மட்டை நீளத்துக்குள், குழிக்கு அருகில் போகாமல், பந்தை விடலாம்.

கடைசியாகக் கடந்த இடம் என்ற சொற்றொடரைக் கவனியுங்கள். பந்து பள்ளத்தை முழுவதும் தாண்டி எதிர்ப்புற ஃபேர்வேயில் விழுந்து, பின்னோக்கி உருண்டு பள்ளத்துக்குள் போனால், அது கடைசியாக எல்லையைக் கடந்தது எதிர்ப்பக்கத்தில். சிவப்பு முளையானால், குழிக்கு அருகில் போகாதபடி இடம் கிடைக்கும் பட்சத்தில் அங்கேயே பந்தை விடலாம். எதிர்க்கரைச் சரிவில், எல்லைக்கு உள்ளேயே பட்டுக் கீழே விழுந்திருந்தால் அது கடந்தது உங்கள் பக்கத்தில்தான். என் மூன்று செம்மண் பந்துகளும் இந்த இரண்டாம் வகை. ஆகவே பந்து விழுவதை இறுதிவரை பாருங்கள். தலையைத் திருப்பிக்கொண்டு புலம்புவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். பல மைதானங்களில் பள்ளத்தின் எதிர்ப்புறம் பந்து விடுவதற்கென்றே ஓர் இடம் குறித்து வைத்திருப்பார்கள். அது எங்கே என்று முதல் டீயிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முளை இல்லாத காட்டுக்குள் பந்து போனால் நிலைமை வேறு. தேடுவதற்கு மூன்று நிமிடங்களே உண்டு. கிடைக்கவில்லையென்றால் ஓரடி தண்டனையுடன் முதலில் அடித்த இடத்துக்கே திரும்ப வேண்டும். மலையேறித் திரும்பி நடப்பதைத் தவிர்க்க, தேடப் போகும் முன்பே, தற்காலிகப் பந்து அடிக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லி இன்னொன்றை அடித்துவிடுங்கள். சொல்லாமல் அடித்தால் அதுவே ஆட்டப் பந்தாகிவிடும். சில மைதானங்கள் உள்ளூர் விதியாக இன்னொரு சலுகையையும் தருகின்றன: இரண்டு அடித் தண்டனையுடன், பந்து தொலைந்த இடத்துக்கு நேரே ஃபேர்வேயின் ஓரத்தில் பந்தை விட்டு ஆடலாம். புதியவர்களுக்கு இது வரப்பிரசாதம். ஸ்கோர் கார்டின் பின்புறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

காட்டுக்குள் மூன்று எட்டுக்கு மேல் போகாதீர்கள். கால் வைக்குமிடம் தரையா, இலைக்குவியலா என்று தெரியாது. நச்சுப் பாம்பு, கொட்டும் தேனீ, தீ எறும்பு போன்றவை பந்துக்கு அருகில் இருந்தால் விதிகளே தண்டனையில்லாமல் விலகி ஆட அனுமதிக்கின்றன. முட்செடிக்கும் அரிக்கும் செடிக்கும் அந்தச் சலுகை இல்லை, அங்கே ஆட முடியாத பந்து என்று அறிவித்து ஓரடி தண்டனையை ஏற்றுக்கொள்ள வேண்டும். மழையில் தான் விழுந்த குழியிலேயே பந்து புதைந்துகொண்டால், மணற்குழியான பங்கரையும் தண்டனைப் பகுதியையும் தவிர மற்ற இடங்களில் அதை எடுத்துத் துடைத்து, அருகிலேயே கீழே விட்டு ஆடலாம், தண்டனை இல்லை.

சாய்ந்த தரையில் நின்று அடித்தல்

வலக்கை ஆட்டக்காரருக்கு, பந்து பாதங்களைவிட மேட்டில் இருந்தால் இடப்பக்கமும், தாழ்வில் இருந்தால் வலப்பக்கமும் போகும். அதற்கேற்ப இலக்கை நகர்த்துங்கள். ஏற்றத்தில் நின்றால் தோள்களைச் சரிவுக்கு இணையாகச் சாய்த்து ஒரு மட்டை நீளமானதை எடுங்கள், இறக்கத்தில் நின்றால் குட்டையானதை. எந்தச் சரிவிலும் முக்கால் வேகத்துக்கு மேல் சுவிங் செய்யாதீர்கள். ஈரப் புல்லில் கால் வழுக்கினால் பந்தோடு நீங்களும் போவீர்கள்.

கிரீனில் புல்லைப் படியுங்கள்

வெப்பமண்டலக் கிரீன்களில் பெரும்பாலும் பெர்முடா வகைப் புல்லோ பாஸ்பலம் வகைப் புல்லோ இருக்கும். பெர்முடாவின் இதழ்கள் நிமிர்ந்து நில்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும். அந்தச் சாய்வின் திசையில் தட்டிய பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். எதிர்த்திசையில் தட்டியது பாதியில் நின்றுவிடும். குறுக்கே போவது சாய்வின் பக்கம் இழுக்கப்படும். பந்துக்குப் பின்னால் நின்று பார்க்கும்போது புல் வெளிறிப் பளபளத்தால் சாய்வு உங்களிடமிருந்து விலகிப் போகிறது, வேகம் கூடும். கரும்பச்சையாகத் தெரிந்தால் எதிர்த்து நிற்கிறது.

ஐயம் இருந்தால் குழியின் வாயைக் குனிந்து பாருங்கள். காலையில் வெட்டிய குழியில், ஒரு பக்கத்து விளிம்பு கத்தியால் அறுத்ததுபோல் கூர்மையாக இருக்கும். எதிர்ப்பக்கத்தில் வேர் அறுபட்ட இதழ்கள் வதங்கி, விளிம்பு பழுப்பேறிப் பிசிறாக இருக்கும். புல் சாய்வது அந்தப் பிசிறுப் பக்கத்தை நோக்கித்தான். மேட்டை நோக்கிப் பன்னிரண்டு அடி தூரத்திலிருந்து தட்டப் போன ஒருமுறை, குழியின் அருகுப் பக்கம் பிசிறாக இருப்பதைப் பார்த்துவிட்டு, குழி இன்னும் நான்கு அடி தள்ளியிருப்பதாக நினைத்துத் தட்டினேன். பந்து விளிம்பில் வந்து, யோசித்து, விழுந்தது. பார்க்காமல் தட்டியிருந்தால் பாதி வழியில் நின்றிருக்கும்.

மலையடிவாரக் கிரீன்கள் கண்ணையும் ஏமாற்றும். பின்னணியில் பெரிய சரிவு இருக்கும்போது, சிறிய சரிவு சமதரையாகவும், சில வேளை எதிர்த்திசைச் சரிவாகவும் தோன்றும். கண்ணும் மலையும் வேறு வேறு சொன்னால் மலையை நம்புங்கள்: பந்து மலையை விட்டு விலகும் பக்கமாகவே இறங்கும். கிரீனுக்கு வெளியே, உங்களை நோக்கிச் சாய்ந்த புல்லில் பந்து கிடந்தால் வெட்ஜால் தூக்கப் பார்க்காதீர்கள், மட்டை புல்லில் சிக்கிக்கொள்ளும். உருட்டுவதற்கான மட்டையான பட்டராலோ 8 அயர்னாலோ உருட்டிவிடுங்கள்.

வண்டியும் இடியும்

செங்குத்தான மைதானங்களில் பெரும்பாலும் பேட்டரி வண்டி கட்டாயம். இறக்கத்தில் வளைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். ஈரப் பாதையில் வளையும்போது பிரேக் அழுத்தினால் பின்சக்கரம் சறுக்கும். நிறுத்தும்போது பிரேக் பூட்டிக்கொண்ட சத்தம் கேட்கும்வரை மிதித்து, பிறகே இறங்குங்கள். கால்களை வெளியே தொங்கவிடாதீர்கள். மழைக்குப் பிறகு வண்டியைப் பாதையை விட்டு இறக்கக் கூடாது என்று அறிவித்திருப்பார்கள்; அப்போது பந்து நோக்கிப் போகும்போதே மூன்று மட்டைகளைக் கையில் எடுத்துக்கொண்டு போனால், சரிவில் இருமுறை ஏறி இறங்க வேண்டியிருக்காது.

இடி கேட்டால் பேச்சுக்கு இடமில்லை. மின்னல் ஆபத்து இருப்பதாக நியாயமாகக் கருதும் ஆட்டக்காரர் யாருடைய அனுமதியுமின்றி ஆட்டத்தை நிறுத்தலாம் என்று விதியே சொல்கிறது. நீண்ட ஒரே சங்கொலி கேட்டால் உடனே நிறுத்த வேண்டும். தனி மரத்தடி, மேட்டு உச்சி, திறந்த பந்தல், கூரை மட்டும் உள்ள வண்டி, இவை எவையும் பாதுகாப்பல்ல. சுவர்களுள்ள கட்டடத்துக்குத் திரும்புங்கள். கடைசி இடியொலிக்குப் பிறகு அரைமணி நேரம் காத்திருங்கள். பாதியில் நின்ற ஆட்டத்துக்கு ஈடாக, பிறகொரு நாள் வந்து ஆட மழைச்சீட்டு கொடுக்கும் வழக்கம் உண்டா என்று கட்டணம் செலுத்தும்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

எண்ணிக்கையை எப்படி வைத்துக்கொள்வது

முதல் முறை வரும்போது மொத்த அடிகளைக் கூட்டுவதைவிட ஸ்டேபிள்ஃபோர்டு முறையில் புள்ளிகளைக் கணக்கிடுங்கள். ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு என்ற ஆங்கில மருத்துவர் வகுத்த இம்முறையில், சலுகை அடிகளைக் கழித்த பிறகு பாரில் முடித்தால் 2 புள்ளி, ஓரடி கூடினால் 1, ஓரடி குறைந்தால் 3. இரண்டடி கூடிவிட்டால் சுழியம், பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த ஹோலுக்குப் போய்விடலாம். ஒரு பள்ளம் எட்டு அடிகளை விழுங்கினாலும் இழப்பது அந்த ஹோலின் புள்ளிகள் மட்டுமே. பின்னால் காத்திருப்பவர்களும் உங்களை வாழ்த்துவார்கள்.

சுற்று முடிந்ததும், காலணியைக் கழற்றுவதற்கு முன்பே, ஸ்கோர் கார்டில் ஒவ்வொரு ஹோலுக்கும் எதிரே எந்த மட்டையால் அடித்தீர்கள், எத்தனை பந்துகள் போயின, எந்தப் பக்கம் போயின என்று எழுதிவிடுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்றால் நல்ல அடிகள் மட்டுமே நினைவிருக்கும். நனைந்த கைப்பிடிகளைத் துடைத்து, மட்டை உறைகளைக் கழற்றி, பையின் எல்லாப் பைகளையும் திறந்து ஓரிரவு காற்றாட வைத்துவிட்டு, அந்தக் கார்டை அடுத்த முறைக்காகப் பந்துப் பையிலேயே போட்டு வையுங்கள்.